நத்தைக்குள்ளிருந்து வந்தவை

ஜெயராணிக்குப் புல் அறுப்பதில் ஒரு கர்வம் இருந்தது. வயல்களுக்கு நடுவே ஓடும் ஓடையை அந்தமானின் சௌல்தாரியில் எல்லோரும் நாலா என்பார்கள். அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து மற்றவர்கள் கரையிலேயே நின்றுவிடும்போது, இவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிவிடுவாள். தண்ணீரை ஒட்டி வளரும் புல்தான் கொழுகொழுவென்று இருக்கும். அதை அடியோடு அறுத்து, ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் சுமந்து வந்து பூரணிக்குப் போடுவாள். மற்ற இரண்டு மாடுகளுக்கும் மேட்டுப் புல். பூரணிக்கு மட்டும் நாலாப் புல்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது, அங்கேதான் இவள் பிறந்தாள். பதினைந்து வயதில் பால் வெட்டக் கற்றாள். சுனாமிக்குப் பிறகு குடும்பம் கச்சாலை விட்டுத் தெற்கு அந்தமானுக்கு வந்தது. சாலை போடும் கூட்டத்தில் கூலி மஸ்தூராக இருந்த சுரேந்திரனைக் கட்டிக்கொண்டு சௌல்தாரியில் தங்கிவிட்டாள். முதல் மாடு வாங்கிய அன்று, "மரத்துல பால் எடுத்தவளுக்கு மாட்டுல எடுக்கத் தெரியாதா?" என்று சிரித்தவள், இருபது வருடத்தில் மூன்று மாட்டுக்காரியாகிவிட்டாள்.

பூரணி நான்கு மாதச் சினையாக இருந்தபோதுதான் அது ஆரம்பித்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதம். முதலில் பால் குறைந்தது. பிறகு சாணி தண்ணீராகப் போயிற்று. முதுகெலும்பு தெரிந்தது. ஒரு காலையில் பார்த்தால் தாடைக்குக் கீழே பை கட்டித் தொங்கவிட்டதுபோல் வீக்கம். விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெல்ல மெல்ல நிரம்பியது.

"நஜர் பட்டுருச்சி," என்றான் சுரேந்திரன். "இந்தப் பக்கத்துலயே உன் மாடுதான் பளபளன்னு நின்னுச்சி."

ஜெயராணி திருஷ்டி கழிய மிளகாய் சுற்றிப் போட்டாள். நல்ல புல் தின்றால் தேறிவிடும் என்று முன்பைவிட ஆழமாக இறங்கி, முன்பைவிடப் பெரிய கட்டாக அறுத்து வந்து போட்டாள். பூரணி இன்னும் இளைத்தாள்.

மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ரூபா திண்டுக்கல் பக்கத்துப் பெண். தீவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தொழுவத்துக்கே வந்து பூரணியின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே காகிதம்போல் வெளுத்திருந்தது. "சாணி கொஞ்சம் எடுத்துட்டு என்கூட வாங்கக்கா," என்றாள்.

ஆஸ்பத்திரி மேசையில் ரூபா சாணியைத் தண்ணீரில் கரைத்தாள், வடிகட்டினாள், தெளிய விட்டாள், மேல் தண்ணீரைக் கொட்டினாள், மறுபடி தண்ணீர் ஊற்றித் தெளிய விட்டாள். அரிசி களைவதுபோல இருந்தது ஜெயராணிக்கு. கடைசியில் அடியில் தங்கிய ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவள், தலையை நிமிர்த்தி, "நீங்களே பாருங்க," என்றாள்.

ஜெயராணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம். அதன் நடுவே பொன் நிறத்தில், நீள வாட்டில், மெல்லிய ஓட்டோடு ஒன்று.

"என்னா டாக்டரம்மா இது, தங்கத்துல செஞ்சது மாதிரி இருக்கு?"

"ஈரல் புழுவோட முட்டை. ஒரு முனையில கோடு மாதிரி தெரியுதா? அது மூடி. தண்ணியில விழுந்து நாள் ஆனதும் அந்த மூடி திறக்கும்."

"திறந்து?"

ரூபா சொல்லச் சொல்ல ஜெயராணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூடியைத் தள்ளிக்கொண்டு வரும் குஞ்சுக்கு உடம்பெல்லாம் மயிர். அதைத் துடுப்பாக அசைத்து நீந்தும். வாயில் ஒன்றும் போடாது. ஒரு நாளைக்குள் ஒரு குறிப்பிட்ட நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. நத்தைக்குள் புகுந்தால் ஒன்று பலவாகும், பல நூறாகும். வால் முளைத்து வெளியே வரும். தண்ணீர் ஓரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு, வாலை உதறிவிட்டுத் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். மாடு வரும்வரை காத்திருக்கும். மாட்டின் வயிற்றுக்குள் போனதும் குடலைத் துளைத்துக்கொண்டு ஈரலைத் தேடிப் போகும்.

"அவ்வளவு பெரிய வயித்துக்குள்ள ஈரலுக்கு வழி அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அது எனக்கும் தெரியாதுக்கா. படிச்சவங்களே இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க."

ஜெயராணி திடீரென்று கேட்டாள்: "தண்ணி ஓரத்துப் புல்லுன்னீங்களே?"

ரூபா தலையாட்டினாள். ஜெயராணியின் கை தானாக வாயை மூடிக்கொண்டது. மேட்டுப் புல் தின்ற இரண்டு மாடுகளும் நன்றாக இருந்தன. ஆசை ஆசையாகத் தேர்ந்து போட்டதுதான் பூரணியைத் தின்றுகொண்டிருந்தது.

ஈரலையும் வயிற்றுக் கன்றையும் யோசித்து ரூபா மருந்து கொடுத்தாள். அவள் சொன்ன நாள் கழியும்வரை பூரணியிடம் கறந்த கொஞ்சப் பாலையும் ஜெயராணி யார் வீட்டுக்கும் ஊற்றவில்லை, தென்னை மூட்டில் கொட்டினாள். ஆனால் அவள் மனம் அந்தப் பொன் முட்டையைச் சுற்றியே வந்தது. அழுகை வந்தது, கூடவே பார்க்க வேண்டும் என்ற வெறியும் வந்தது.

நான்காம் நாள் காலையில், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நாலாவில் இறங்கினாள். புல்லை விலக்கிச் சேற்றோரம் தேடி, விரல் நகம் அளவுள்ள நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடி ஜாடியில் நல்ல தண்ணீர் ஊற்றி அவற்றைப் போட்டு, வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டுக் குந்திக்கொண்டாள்.

"சோறு ஆக்குறியா இல்ல நத்தைக்குக் காவல் இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்த சுரேந்திரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் குந்தினான்.

வெயில் ஏறிய பிறகு, தண்ணீரில் மாவு தூவியதுபோல் ஏதோ தெரிந்தது. மாவு அடியில் படியும், இது படியவில்லை. துடித்தது. ஒவ்வொரு துகளும் தன்னிஷ்டத்துக்குத் துள்ளித் துள்ளி மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஜாடிச் சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, குண்டூசி முனையைவிடச் சிறிதாக வெள்ளைப் புள்ளிகள்.

"ஏ சாமி," என்றான் சுரேந்திரன்.

ஜாடியை மடியில் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரூபா ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"என்னா டாக்டரம்மா? அதுதானா?"

"அதுதான்னு தோணுதுக்கா," என்றாள் ரூபா. "புத்தகத்துல படம்தான் பார்த்திருக்கேன். உயிரோட இப்பதான் பார்க்கறேன்."

இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். வட்டமான உடம்பு, சாட்டைபோல நீண்ட வால். ஒன்று கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. வால் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. அடித்து அடித்துக் கழன்றது. கழன்ற பிறகும் வால் தனியாகக் கொஞ்ச தூரம் துடித்துப் போயிற்று. உடம்பு சுருண்டு, தன்மேல் தானே போர்வை போர்த்துவதுபோல் மங்கிக்கொண்டே வந்தது. அந்த அறையில் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காததுபோல் இருந்தது ஜெயராணிக்கு. கடலே ஏறி வந்ததைக் கண்டவள் அவள். அன்று ஓடத்தான் தோன்றியது. இன்று அசைய முடியவில்லை.

"இந்த ஜாடிய எல்லாரும் பார்க்கணும்," என்றாள் ரூபா.

ஜெயராணியே காட்டினாள். வங்காளி வீடு, ராஞ்சி வீடு, தெலுங்கு வீடு என்று நாலாவை ஒட்டி மாடு வைத்திருந்த பதினோரு வீட்டுக்கும் ஜாடியோடு போனாள். அவளுடைய உடைந்த ஹிந்தியில், "பானி மே மத் சராவ், இதர் தேக்கோ," தண்ணீரில் மேய்க்காதே, இங்கே பார், என்று வெயிலுக்கு நேரே ஜாடியைப் பிடித்தாள். வாய்ப்பேச்சை நம்பாதவர்கள் கண்ணை நம்பினார்கள். மறுவாரம் பதினோரு வீட்டுச் சாணியும் ஆஸ்பத்திரி மேசைக்கு வந்தது. ஏழு வீட்டு மாடுகளில் முட்டை இருந்தது. எல்லா மாட்டுக்கும் ஒரே வாரத்தில் மருந்து போனது. மாடுகள் இறங்கும் கரைக்கு மூங்கில் வேலி கட்டினார்கள், குடிக்க மேட்டில் தொட்டி வைத்தார்கள். நத்தை தின்னட்டும் என்று ஒரு வங்காளி வீட்டுக்காரர் தன் வாத்துகளை நாலாவில் விட்டார்.

பூரணி பிழைத்தாள். வீக்கம் வற்ற ஒரு மாதமானது. மெலிந்த ஒரு கிடேரிக் கன்றை ஈன்றாள். பழைய பால் திரும்பவே இல்லை. வடுப்பட்ட ஈரல் பழையபடி ஆகாது என்று ரூபா சொல்லியிருந்தாள், ஜெயராணியும் எதிர்பார்க்கவில்லை. விற்றுவிடு என்ற சுரேந்திரனிடம், "அவ நிக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மழைக்கு முன்னால் மாட்டுக்காரர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ரூபா ஜெயராணியை எழுப்பிப் பேசச் சொன்னாள். மூடி திறப்பதையும், ஒரு நாளைக்குள் நத்தையைத் தேடி அலைவதையும், வாலை உதறிவிட்டுக் கூடு கட்டுவதையும் கையால் நடித்துக் காட்டி அவள் சொன்னபோது கூட்டம் வாயைப் பிளந்தது. பின்வரிசையிலிருந்து ராஞ்சிக்காரர் ஒருவர் எழுந்து, "தீதி, காலி தே ரஹீ ஹோ யா தாரீஃப்?" என்று கேட்டார். திட்டுகிறாயா, புகழ்கிறாயா என்று.

"தோனோ," என்றாள் ஜெயராணி. இரண்டும்தான்.