விண்வெளி ராஜாக்களும் சனிக்கிழமை டெலிவரியும்

இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேராவது கம்ப்யூட்டரில் ஏதாவது விளையாடுகிறவர்களாக இருப்பீர்கள். என் மகள் விளையாடுவது நட்சத்திரங்களைப் பிடித்து ஆளுகிற விளையாட்டு. அதில் ஒரு ராஜ்யம் நம்முடையது. மற்ற ராஜ்யங்களையெல்லாம் கம்ப்யூட்டரே ஆளும். வண்டு முகத்தோடு ஒரு ராஜா, நீலத் தோலோடு ஒரு ராணி, பாறை மாதிரி இன்னொருவர். அவர்களோடு சண்டையும் போடலாம், பேசியும் பிழைக்கலாம். இரும்பு கொடுத்து உணவு வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம்.

போன கோடை லீவில் அந்தப் பேச்சுவார்த்தைப் பொறுப்பை மகள் என்னிடம் கொடுத்தாள். நல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே என் தையல் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டித் தருகிற துணியைப் பனியனாகத் தைத்துக் கொடுப்பது தொழில். நாள் முழுக்கக் கம்பெனிக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டே இருப்பேன். அதைக் கேட்டுக் கேட்டு, "நீங்க பேசுனா எல்லாரும் ஒத்துக்குவாங்கப்பா, இதையும் நீங்களே பேசுங்க" என்றாள். நான் படித்தது பத்தாவது வரைக்கும். ராஜாக்களோடு பேசக் கிடைத்ததில் கொஞ்சம் பெருமைதான்.

முதல் வேலையாக, தீபாவளிக்குக் கம்பெனி ஆபீசில் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பதுபோல, எல்லா ராஜாக்களுக்கும் பரிசு அனுப்பினேன். நம்மேல் அவர்களுக்கு எவ்வளவு பிரியம் என்று திரையில் பச்சை எண் காட்டும். பரிசு போனதும் எண் ஏறியது. பிறகு பார்க்கப் பார்க்க வெயிலில் வைத்த ஐஸ்போலக் கரைந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வண்டு ராஜா மட்டும் இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

வியாபாரத்தில் நீல ராணி இன்னும் விசித்திரம். நாம் வைக்கிற இரும்பு குறைவாக இருந்தால் 'இது போதாது' என்று ஒரே வரியில் மறுப்பாள். மகள் கொஞ்சம் கூட்டி வைப்பாள். மறுபடியும் போதாது. இன்னும் கொஞ்சம். சட்டென்று சரி என்பாள். முன்னால் மறுத்ததற்குச் சங்கடம் கிடையாது, இப்போது ஒத்துக்கொண்டதற்குச் சிரிப்பும் கிடையாது. மறுத்த கையோடு உணவுக் கப்பலை அனுப்பி வைப்பாள்.

எனக்கு அது என்னவோபோல இருந்தது. எங்கள் பக்கத்தில், கேட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. சரிங்க என்போம். முடியாத காரியமாக இருந்தாலும் சரிங்க என்று அனுப்பிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து யோசிப்போம். அந்தப் பழக்கத்தில்தான், மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்த நேரத்தில், எனக்கு எந்தப் போர் வந்தாலும் நீ படை அனுப்ப வேண்டும் என்று வண்டு ராஜா கேட்டபோது சரி என்று அழுத்தினேன். இன்னொரு நாள் நீல ராணி அதையே கேட்டாள். அவளுக்கும் சரி என்று அழுத்தினேன். இரண்டு பேரும் நல்லவர்கள், இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அந்த வாரம் கீழே யூனிட்டில் வேறொரு காரியம் ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த தம்பதி எங்களிடம் தைக்கிறார்கள். அவர் பவர் டேபிள் மிஷினில், அந்த அம்மா ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில். அவர்களுடைய மகள் ஊரில் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள் அது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால்தான் விடிவதற்குள் ஊர் சேர முடியும். அந்த அம்மா முன்பே கேட்டிருந்தார், நானும் தாராளமாகப் போகச் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது மெர்ச்சண்டைசர் தம்பி. எங்களைப் போன்ற யூனிட்டுகளுக்கு வேலை கொடுத்து, விரட்டி வாங்குவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டி, திங்கட்கிழமை காலையில் தைத்த பீஸ் முழுவதும் வந்துவிட வேண்டும் என்றார். அந்த இரண்டு பேர் இல்லாமல் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் தானாகச் சரிங்க என்றது. போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

மத்தியானம் சாப்பிட மாடிக்குப் போனேன். மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். வண்டு ராஜா நீல ராணிமேல் போர் தொடுத்திருந்தார். படை அனுப்பு என்று இரண்டு பேருமே நம்மைக் கேட்டு நின்றார்கள்.

"ஏனுங்கப்பா, ரெண்டு பேருத்துக்கும் சரின்னு சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"கேட்டாங்க கண்ணு. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லைங்கறது?"

"அது மூஞ்சி இல்லீங்கப்பா, படம்."

அவளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம். யார் பக்கம் நின்றாலும் மற்றவருக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். யோசித்துப் பார்த்து, உணவு தருகிறவள் என்று ராணியின் பக்கம் நின்றோம். வண்டு ராஜாவின் எண் சிவப்பாகிப் பாதாளத்துக்குப் போனது. அது நியாயம். ஆனால் இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத பாறைக்காரரின் எண்ணும் இறங்கியது. அவருக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

"நாம சொன்ன சொல்லை மீறுனது அவருக்கும் தெரிஞ்சிருமுங்கப்பா. இனி யாரும் சீக்கிரத்துல நம்ப மாட்டாங்க" என்றாள். பிறகு சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "முதல்லயே முடியாதுன்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அதுக்கெல்லாம் அவங்க கோவிச்சுக்கறதில்ல."

பாதிச் சோற்றோடு எழுந்தேன். கை கழுவிக் கீழே வந்தேன். மிஷின்கள் நின்றிருந்தன, எல்லோரும் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார்கள். அந்த அம்மா மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்து மகளின் புதுநன்மைக்கான வெள்ளைக் கவுனுக்குக் கையால் லேஸ் பிடித்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கினால் தோளில் நிற்க மாட்டேன் என்கிறது, அதனால் நானே தைத்துவிட்டேன் அண்ணாச்சி என்று தூக்கிக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கம்பெனித் தம்பியின் நம்பரைப் போடுவதும் கட் செய்வதுமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் யூனிட்டுக்குப் பெரும்பாலான வேலை அந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. அந்தத் தம்பி முகம் சுளித்தால் மிஷின்கள் சும்மா நிற்கும். கடைசியில் நீல ராணி பேசுகிற மாதிரியே பேசிவிடுவது என்று போட்டேன்.

"திங்கட்கிழமை முழுசும் முடியாதுங்க தம்பி. சனிக்கிழமை மத்தியானம் பாதி தந்தர்றேன். மீதி புதன்கிழமைங்க."

மன்னிப்புக் கேட்க, காரணம் அடுக்க, சரி முயற்சி பண்ணுகிறேன் என்று இழுக்க என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்த மத்தியானம் முழுக்க எந்தப் போன் அடித்தாலும் ஓடிப்போய் எடுத்தேன். பட்டன்காரர் கூப்பிட்டார், கரண்டு ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். டீ வந்த பிறகுதான் கம்பெனித் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணா, சனிக்கிழமை பாதி குடுத்துருங்க. மீதிய வேற யூனிட்டுக்கு மாத்தியாச்சு."

அவரே தொடர்ந்தார்.

"காலையில நீங்க சரின்னதுமே இன்னொருத்தர்கிட்டயும் கேட்டு வெச்சுட்டேனுங்க. நீங்க எதுக்குத்தான் இல்லைன்னிருக்கீங்க? இன்னிக்குத்தான் முதல் தடவையா உங்க பேச்சை நம்பி லாரிக்குச் சொல்றேன்."

அடுத்த ஸ்டைலுக்கு வெட்டிய துணி செவ்வாய்க்கிழமை வருகிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். பாதி வேலை கைவிட்டுப் போனதில் வருத்தம் இருந்தது. ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. உள்ளே போய், ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பாதிப் பீஸ்கள் வண்டியேறின. சாயங்காலம் இரண்டு பேரும் தலை சீவி, பையோடு வந்து நின்றார்கள். கவுனைப் புதுப் பாலித்தீன் பையில் மடித்து, நசுங்காமல் அந்த அம்மா கையிலேயே வைத்திருந்தார்.

"திங்கக்கெழம காலையிலயே வந்திரணுமா அண்ணாச்சி?" என்று அவர் கணவர் கேட்டார்.

புது வேலை செவ்வாய்க்கிழமைதான் வருகிறது, பிள்ளையோடு ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றேன். அவர்கள் பயணம் அரை நாள் அந்தரத்தில் தொங்கியது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதே எனக்குப் போதும்.