ரேடியோ வாய் மூடிய தவக்காலம்

அந்தக் கத்தோலிக்கப் பங்கில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால், ஆளுக்கு ஒன்றை நோன்பாக விடுவார்கள். பேக்கரிக்காரர் சிகரெட்டை விடுவார். மூன்றாம் வாரமே அது அவரைத் தேடி வந்து பிடித்துக்கொள்ளும். பாட்டுக்குழு நடத்தும் டீச்சர் சர்க்கரையை விடுவார், கூடவே பொறுமையையும். தபால்காரர் இறைச்சியை விட்டுவிட்டு, அந்த ஆசைக்கும் சேர்த்து மீன் தின்பார். பங்குக் கோயிலுக்கு எதிர்ச் சாரியில் சலூன் வைத்திருந்தவர் ஒரு வருடம் பேச்சை விட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் விட்டதில்லை. விடுவதற்கு என்ன மிச்சம் என்பார்.

அவரை எல்லாரும் ரேடியோ என்றுதான் அழைத்தார்கள். அவரிடம் தலையைக் கொடுப்பவர்கள் காதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கத்தரி ஒரு பக்கம் ஓடும், நாக்கு ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது முந்தும் என்று சொல்ல முடியாது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அதற்கு ஒரு பழமொழியையும் துணைக்கு வைத்திருந்தார்.

ஆனால் கடையில் அவர் பேசியதெல்லாம் ஒத்திகைதான். சாயங்காலம் வீட்டுக்குப் போய், சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, மனைவியிடம் மறுபடி சொல்வாரே, அதுதான் அரங்கேற்றம். அவள் அதிகம் வெளியே போகாதவள். காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். "பொய்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் தவறாமல் "பொய்" என்பாள். தெருவில் ஒன்று நடந்தால் மட்டும் அது நடந்ததாகிவிடாது. அவள் கேட்டுச் சிரித்த பிறகுதான் அவருக்கு அது நடந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருந்தது இந்த ஒரு குரல்தான்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது.

"இந்த வருஷம் என்னத்த விடப் போறீங்க? போன வருஷம் நீங்க டீயை விட்டீங்க, தலைவலி எனக்கு வந்துச்சு."

"நீயே சொல்லு மகாராணி. உத்தரவு எப்படியோ அப்படி."

"உங்க வாயை விட்டுப் பாருங்களேன். கடவுளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேடிக்கை. ஆனால் காதில் விழுந்த எதையும் கடைக்குக் கொண்டுபோகாமல் இருக்க அவரால் முடிந்ததில்லை. மறுநாள், பூசையில் நெற்றியில் இட்ட சாம்பல் காயாமல், அதையும் சொன்னார். நாற்காலியில் இருந்த பேக்கரிக்காரர் நுரைக்குள்ளிருந்து சிரித்தார்.

"நீயா? தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. அது கெட்டாலும் கெடுமே தவிர கத்தாம இருக்காது."

"இருந்து காட்டறேன்" என்றார் ரேடியோ. அதுவே கடைசி வார்த்தை. பக்தியில் தொடங்கினாரா, வீம்பில் தொடங்கினாரா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் மனிதன் கோடு கிழித்த இடம் எது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

ஜெபம் பேச்சில் சேராது என்று அவராகவே ஒரு விதி வைத்துக்கொண்டார். கோயிலில் மட்டும் வாய் திறப்பார். மற்ற இடமெல்லாம் சைகை. தபால்காரர் ஓர் அட்டையில் 'ரேடியோ பழுது, ஈஸ்டர் வரை பொறுக்கவும்' என்று எழுதிக் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டார். முடி வெட்ட அவசியமில்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். "பேட்டரி தீர்ந்துபோச்சா?" "இல்லப்பா, ஏரியல் உடைஞ்சிருச்சு." அவர் சிரித்துக்கொண்டே சீப்பால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

பேசாதவனிடம் ஊர் கொட்டும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை கேட்காத கதையெல்லாம் நாற்காலிக்குத் தேடி வந்தது. ஒவ்வொன்றையும் மனைவிக்கென்று பத்திரப்படுத்தினார். அவற்றில் மகுடம் பேக்கரிக்காரர் கதை. ஒரு மத்தியானம் அவர் பாதிச் சவரத்தில் தூங்கிப்போனார். கோயில் மணி அடித்தது. அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று நினைத்து, கழுத்தில் துணியும் அரை முகத்தில் நுரையுமாகத் தெருவில் ஓடினார். நில் என்று கத்த முடியாமல், கையில் சவரக்கத்தியோடு ரேடியோ பின்னால் ஓடினார். கொலை நடக்கப்போகிறது என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பேக்கரியில் போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை.

இப்படி ஒரு கதை கையில் இருந்தும் வீட்டுக்குப் போய் முக்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாரே, அந்த உறுதியைப் பாராட்டலாம் என்றால், எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வீட்டு நர்ஸம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் கதையைச் சொல்ல வந்தபோது மனைவி காதைப் பொத்திக்கொண்டாளாம். "நீங்க சொல்லாதீங்க. ஈஸ்டர் அன்னிக்கு அவரு சொல்லுவாரு. அவரு சொன்னாத்தான் கதை."

ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார், தவக்காலக் கணக்கில் ஞாயிறுகள் சேராது, அவை ஆண்டவரின் நாள் என்று பிரசங்கம் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு கோப்பையில் டீ ஊற்றி எதிரே உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கணக்குல இல்லையாம். ஃபாதரே சொல்லிட்டாரு. அந்த பேக்கரிக்காரர் கதையை மட்டும் சொல்லுங்களேன்."

அவர் உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார். ஞாயிறுக்கு விடுமுறை விடுகிற நோன்பு என்ன நோன்பு? கடையில் தெரிந்தால் மானம் போகும்.

"சொல்ல மாட்டீங்களா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். டீ உப்புக் கரித்தது. கோபம் என்று நினைத்தார்.

கோபம் என்றுதான் எல்லாவற்றையும் நினைத்தார். சட்டைப் பொத்தானை ஓட்டைக்கு நேராகத் தைக்காமல் தள்ளித் தைத்திருந்ததை, தட்டை மேஜை விளிம்பில் பாதி தொங்கும்படி வைத்ததை, அவர் சைகை காட்டினால் எல்லாவற்றுக்கும் "சரி" என்று மட்டும் சொன்னதை. ஈஸ்டர் வரட்டும், ஒரே கதையில் சமாதானம் செய்துவிடலாம்.

இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நின்று ஜெபிக்கும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு அவள் தவறாமல் வந்ததுதான் ஆச்சரியம். முழங்கால் வலி என்று வருடக்கணக்கில் வராதவள், இப்போது அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தோளை ஒட்டி நின்று, ஒவ்வொரு நிலைக்கும் கூடவே நடந்தாள். "வீட்டம்மாவுக்கு இந்த வருஷம் பக்தி ஏறிடுச்சு" என்றார் டீச்சர். ரேடியோவும் அப்படித்தான் நினைத்தார்.

கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் வாரமும் வந்தது. அவர் இன்னும் பேசவில்லை. கேலி அடங்கி மரியாதை வந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலப் பாதம் கழுவிவிடுவதற்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது பங்குச் சாமியார் அவரையும் சேர்த்தார். அவரைவிட அவளுக்குத்தான் பரபரப்பு.

"ஓட்டை சாக்ஸோட போய் உட்கார்ந்தீங்கன்னா ஃபாதர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நல்லதா நான் எடுத்து வைக்கிறேன்."

அதை எடுத்துக்கொள்ள அவர் மறந்துதான் போனார். வியாழன் மத்தியானம் கடையில் தபால்காரரைச் சாய்த்துவைத்துத் தொண்டைக்குழியில் சவரம் செய்துகொண்டிருந்தார். வெளியே கண் கூசும் வெயில். அவள் வாசலில் வந்து நின்றாள். கடைக்கு அவள் வருவதே அபூர்வம்.

"என்னங்க?"

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். இரு, இதோ.

"என்னங்க, இருக்கீங்களா?"

மறுபடி கையைத் தூக்கினார். சிரிக்கவும் செய்தார். தொண்டையில் கத்தி இருந்ததால் தபால்காரரும் வாய் திறக்கவில்லை.

"யாருமில்ல போல. கோயிலுக்குப் போயிட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் திரும்பினாள். வீட்டுப் படி அவள் காலுக்குத் தெரியும். இந்தப் படி தெரியாது. இல்லாத இடத்தில் ஒரு படியைத் தேடி அவள் கால் நீண்டதைக் கண்ணாடியில் பார்த்தார். "ஏய்!" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அது வந்தபோது அவள் தலை கல்விளிம்பில் பட்டிருந்தது.

ஆம்புலன்ஸில் பேசினார். இத்தனை நாள் சேர்த்துவைத்ததெல்லாம் முறையில்லாமல் முட்டிக்கொண்டு வந்தது. பேக்கரிக்காரர் ஓடினார் என்றார், அதற்கு முன்னால் தூங்கினார் என்று சொல்ல மறந்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணை விலக்கி விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இவங்களுக்கு எப்ப இருந்து பார்வை இல்ல?"

"பார்வையா? பார்வைக்கு என்ன?"

பின்னாலேயே வந்திருந்த நர்ஸம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"கிறிஸ்துமஸ்ல இருந்தே மங்கலாத்தான் இருந்துச்சு. தவக்காலம் வந்ததும் சுத்தமா போயிடுச்சு. ஈஸ்டருக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லியிருந்தாங்க. உங்ககிட்ட சொல்லிடறேன்னு நான் எத்தனை தடவை கிளம்பினேன் தெரியுமா? 'வேணாம்மா, கேட்டா மனசு தாங்காம வாயைத் திறந்துடுவாரு, கடையில எல்லாரும் சிரிப்பாங்க. நானே விளையாட்டாச் சொல்லி இழுத்துவிட்ட நோன்பு. முதல்ல ஈஸ்டர் அன்னிக்கு அவரு பேசி முடிக்கட்டும், அப்புறம் என் சேதியைச் சொல்றேன்'னுட்டா."

அவர் உள்ளே போகும் கதவையே பார்த்தார்.

"சிலுவைப்பாதைக்கு எதுக்கு வந்தான்னு நினைச்சீங்க? அங்கதான் உங்க குரல் கேக்கும்னு வந்தா. இன்னிக்குக்கூடத் தெருமுனை வரைக்கும் நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

அவருடைய மடியில் அவள் கையிலிருந்து எடுத்த சாக்ஸ் இருந்தது. ஓட்டை இல்லாத, புதிதாக மடித்த சாக்ஸ். ஒன்று கறுப்பு, ஒன்று காப்பிப்பொடி நிறம்.

உதட்டில் வைத்த விரல், ஆட்டிய தலை, தூக்கிய கை, எல்லாம் யாருக்குக் காட்டினோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அவள் கேட்டதெல்லாம் உள்ளே வரும் செருப்புச் சத்தமும், நாற்காலி இழுபடும் சத்தமும், வெளியே போகும் செருப்புச் சத்தமும்தான்.

பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். அன்று கோயிலில் பதினோரு பேரின் பாதங்களைத்தான் கழுவினார்கள்.

அந்தப் பூசையோடு மணிகள் நின்றுவிடும். உயிர்ப்பு ஞாயிறு வரை மணிக்குப் பதிலாக மரத்தட்டைத் தட்டும் சத்தம்தான். அந்த நாள்களில் அடக்கப் பூசையும் கிடையாது. ஆகவே வெள்ளிக்கிழமை அவளை மணி இல்லாமல், பூசை இல்லாமல், ஜெபம் மட்டும் சொல்லிப் புதைத்தார்கள். யாரும் அவளுக்கென்று செய்ததில்லை, திருச்சபையின் வழக்கம். ஆனாலும் கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் அந்த மரத்தட்டின் சத்தத்தை அவர் தனக்கென்று கேட்டார்.

ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் உயிர்ப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ரேடியோ அவரை இடையில் நிறுத்தினார்.

"ஃபாதர், நமக்குச் சொந்தமானதைத்தானே விடணும்?"

"ஆமா."

"நான் விட்டது என்னோடது இல்ல. அவளோடது."

சாமியாரிடம் ஆறுதல் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அன்று ஒன்றையும் எடுக்கவில்லை. ஞாயிறு கணக்கில் சேராது என்று பிரசங்கம் வைத்தவர் அவர்தான். அது இருவருக்கும் நினைவிருந்தது.

கடையைத் திறந்தார். தபால்காரர் வந்து, அட்டையைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். முடி வெட்டு முன்போலவே சுத்தமாக இருந்தது. "மேல கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. பேக்கரிக்காரர் ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏதாவது திட்டேன்யா என்னை. உன் வாயைக் கிளறினவன் நான்தானே" என்று அழுதார். ரேடியோ அவர் கன்னத்து நுரையைத் துடைத்து, படிகாரம் தடவி அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பூசை முடிந்து வந்து, இரண்டு கோப்பையில் டீ ஊற்றிவைத்து, சமையலறை முக்காலியில் உட்காருவார். முதல் ஞாயிறு நேராகக் கதையைத் தொடங்கிவிட்டார். பாதியில் ஏதோ தப்பு என்று பட்டது. நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து வந்தார்.

"நான்தான் மகாராணி. இங்க, அடுப்புப் பக்கத்து முக்காலியில உட்கார்ந்திருக்கேன். வெளிய நல்ல வெயில். நீ தைச்ச வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன், பொத்தான் எல்லாம் சரியா இருக்கு."

குனிந்து காலைப் பார்த்தார்.

"நீ எடுத்து வச்ச சாக்ஸைத்தான் போட்டிருக்கேன். கறுப்பு. ரெண்டும் ஒரே நிறம்தான்."