பெயர் மட்டும் மாற்றிய குளம்

கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முகவரிகளை மொத்தமாகச் சேர்த்துவைக்கும் தொகுப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் கேண்டீனில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். அதனால் அதைக் 'குளம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

குளம் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி முகவரி வேண்டும். அதே முகவரி இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. முன்கூட்டியே கொஞ்சம் முகவரிகளைக் குளத்தில் போட்டுவைப்போம். புது சர்வர் வந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். எங்கள் கம்பெனிக்குக் காக்களூரில் ஓர் ஆலை, கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலை. ஆகவே இரண்டு குளங்கள். காக்களூர் முகவரிகளுக்கு நடுவில் 'ஏ' வர வேண்டும், கும்மிடிப்பூண்டிக்கு 'பி'. இந்த விதியை எழுதிய மகானுபாவன் நான்தான்.

கும்மிடிப்பூண்டியில் வேலை தொடங்கியபோது கேபிள் இழுக்க ஓர் அண்ணன் வந்தார். வள்ளூர்க்காரர், ஒப்பந்த ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார், நான் 'அண்ணே' என்பேன். மூன்று மாதத்துக்குத்தான் கேட் பாஸ். வேலை பிடித்தால் நீட்டிப்பார்கள். அந்த நீட்டிப்பை நம்பித்தான் அவர் இருந்தார். குளம் என்ற பேச்சு முதல் நாளே அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"இன்னா சார், குளம் வெட்டியாச்சா? தண்ணி வுட்டாச்சா?"

"ஆச்சு அண்ணே" என்றேன். உண்மையில் நான் எதையும் வெட்டவில்லை. காக்களூர்க் குளத்தை அப்படியே நகலெடுத்து, மேலே பெயரை மட்டும் கும்மிடிப்பூண்டி என்று மாற்றினேன். உள்ளே இருந்த 'ஏ'யை மாற்ற மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு ஆலைகளும் தனித்தனி நெட்வொர்க்கில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். அன்று காலையிலிருந்து கும்மிடிப்பூண்டியில் சரக்கு அனுப்பும் பிரிவின் சர்வர் இரண்டு நிமிடம் வரும், இரண்டு நிமிடம் போகும். பில் போட முடியாமல் லாரிகள் கேட்டுக்குள்ளேயே வரிசை கட்டி நின்றன. மேனேஜர் நேராக சர்வர் ரூமுக்கு வந்துவிட்டார்.

"என்னய்யா ஆச்சு?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "கேபிளாத்தான் இருக்கும் சார். இப்பத்தானே புதுசா இழுத்தாங்க" என்றேன். அண்ணன் அப்போது அங்கே இல்லை. ஏணி எடுக்கப் போயிருந்தார்.

ஒன்றரை நாளாக, தான் போட்ட கேபிளையெல்லாம் அண்ணன் தானே பிடுங்கி, முனை வெட்டி, மறுபடி பொருத்தினார். விரலில் வெட்டுப்பட்ட இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். செவ்வாய்க்கிழமை மதியம்தான் நான் குளத்தைத் திறந்து பார்த்தேன். காக்களூரில் ஒரு சர்வருக்கும் இங்கே இந்த சர்வருக்கும் ஒரே முகவரி, எழுத்துக்கு எழுத்து. நெட்வொர்க் பாவம், ஒரு முறை அங்கேயும் ஒரு முறை இங்கேயும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கோளாறு கேபிளில் இல்லை, நான் மாற்ற மறந்த 'ஏ'யில்.

சத்தம் காட்டாமல் 'பி' என்று மாற்றினேன். பில் போடுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சர்வரை அணைத்துத் திரும்ப எழுப்பினேன். அது எழுந்த அதே நேரத்தில் அண்ணன் ரேக்குக்குப் பின்னால் கடைசிக் கேபிளைச் செருகியிருக்கிறார்.

"வந்துடுச்சு சார்! இந்தக் கேபிள்தான் பேஜாரு பண்ணிக்கினு இருந்திருக்குது!"

வியர்வையும் சந்தோஷமுமாக வெளியே வந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் தலையாட்டினேன். சாயங்காலம் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கேபிள்' என்று அடித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்காது. மேனேஜர் நாலு பேர் முன்னால் திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பாஸ் நீட்டிக்கவில்லை. கடைசி நாள் டூல் பையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சார். நீங்க என்னப் பத்தி மேல ஒரு வார்த்த போட்டுக் குடுக்கல. அதுவே பெருசு." நான் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

போன வருடம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். எனக்குத்தான் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. அவர் தூரத்திலிருந்தே கையாட்டிக்கொண்டு வந்தார். வேறொரு கம்பெனியில் அதே கேபிள் வேலையாம்.

"இப்பல்லாம் ஒரு கேபிள மூணு வாட்டி டெஸ்ட் பண்ணாம வுடமாட்டேன் சார். உங்க கம்பெனில பண்ண தப்பு மறுபடி வரக் கூடாதுல்ல. சூப்பர்வைசரு ஸ்லோ ஸ்லோன்னு தெனம் திட்டிக்கினுதான் கீறாரு. திட்டட்டும்."

ஒரு நாள் எனக்கு விழ வேண்டிய திட்டு. அதை இந்த மனிதர் தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயையும் திறந்தேன். அதற்குள் ரயில் வந்து, அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"குளமெல்லாம் நல்லாகீதா சார்?"

"நல்லா இருக்கு அண்ணே" என்றேன்.