சேலையூரிலிருந்து பரங்கிமலை: பதினான்கு முறை முழந்தாளிட்டு எழுந்த வெள்ளிக்கிழமை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நெருங்கினால் பரங்கிமலை ஏறுவது பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் யோகா செய்தால் உண்மையில் என்ன ஆகும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். என் வரையில் இரண்டும் ஒரே பயணம் என்பதால் இரு தரப்புக்கும் சேர்த்து இந்த ஒரு பதிவு. நடந்தது 1995-இல். அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு சேலையூரில் தனியாக இருந்தேன். நான் சொல்லும் கட்டணங்கள் அந்தக் காலத்தவை. இன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்குக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் ரயிலில் பரங்கிமலை போவோம். மலைப்படிகளின் ஓரமாக இயேசுவின் பாடுகளைக் காட்டும் பதினான்கு தலங்களிலும் நின்று சிலுவைப் பாதை ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறுவோம். ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட வேண்டும். பிறகு எழுந்திருக்க வேண்டும். முந்தைய வருடம் மூன்றாம் தலத்தில் முழந்தாளிட்ட நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால்கள் பூட்டிக்கொண்டன. பங்குப் பேரவை ஆட்கள் இருவர் கக்கத்தில் கைகொடுத்து என்னை அரிசி மூட்டை போலத் தூக்கி நிறுத்தினார்கள். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். நிமிர்ந்து நிற்பதைத்தான் அவர்கள் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் மலையேறிப் போய்வரும் வரை நான் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

மறுவாரமே மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, யோகா செய்து பார்க்கலாமே என்றார். விசாரித்ததில், மாடம்பாக்கத்தில் பழைய சிவன் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக் கூடத்தில் வகுப்பு நடப்பது தெரிந்தது. சேலையூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். வகுப்பு காலை ஆறு மணிக்கு. மாதக் கட்டணம் ஐம்பது ரூபாய். கற்றுக்கொடுத்தவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற சார்ஜென்ட். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"முழந்தாளிட்டு எழுந்திருக்கணும்."

"எத்தனை தடவை?"

"பதினாலு."

ஏன் பதினாலு என்று அவர் கேட்கவில்லை. "ஒரு வருஷம் ஆகும். லீவு போடக்கூடாது," என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் ஓம் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதே வருடம் முழுவதும், சனிக்கிழமை மாலைகளில் எங்கள் கோவிலில் நடக்கும் மாதா நவநாள் ஜெபத்துக்கும் தவறாமல் போனேன். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், விண்ணப்பம் ஒன்றுதான். பங்கில் இதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் வாக்கிங் போவதாக அவர்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள். தினமும் பஸ் ஏறி வாக்கிங் போகிறவளைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வராதது எனக்கு இன்றும் வியப்பு.

யோகா உடம்பில் என்ன செய்கிறது என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. அது என்னைக் குழப்பப்போகிறது என்று ஒரு புத்தகமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் மாதம் உடம்பு முழுக்க வலி. இரண்டாம் மாதம் தூக்கம் வர ஆரம்பித்தது, அதுவும் நேரம் காலம் இல்லாமல். இரவுச் செய்தி பார்க்க உட்கார்ந்தால் தலைப்புச் செய்தியோடு கண் மூடிக்கொள்ளும். பின்பக்கம் கையை வளைத்துப் பின்னல் போட முடிந்தது. படியிறங்கும்போது சுவரைப் பிடிப்பது நின்றுவிட்டது. இவையெல்லாம் சரி. ஆனால் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒரு நாள் பால் தண்ணீராக இருந்தது. பத்து வருடமாக அதற்காக நான் பால்காரரை வாசலில் நிற்கவைத்துத் திட்டுவது வழக்கம். அன்று, "நாளைக்குக் கொஞ்சம் பார்த்து ஊத்துப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன். அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"இன்னாமா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்லமா, ஒரு மாரி கீறீங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டி இட்டாரட்டுமா?"

மறுநாளிலிருந்து பால் கெட்டியாக வந்தது. பத்து வருடத் திட்டுக்கு அசையாதவர் ஒரு வாக்கியத்துக்குப் பயந்துவிட்டார். எனக்கும் பயமாகவே இருந்தது. உண்மையாகவே உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து அதே டாக்டரிடம் போனேன். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், குறைந்திருக்கிறது என்றார். கோபம் வரவில்லை என்றேன். அது புகாரா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. வகுப்பின் முடிவில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தச் சொல்வார்கள். நான்காவது மாதம் ஒரு காலை, அப்படிப் படுத்திருக்கும்போது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. வலி இல்லை, எந்த யோசனையும் இல்லை. என் கணவரின் அடக்கத்தன்று நான் அழவில்லை, வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த அழுகையா இது, அல்லது தூசியா என்று சார்ஜென்ட்டிடம் கேட்கக் கூச்சம். அவரே அருகில் வந்து, "துடைக்காதீங்க. அதுவா நிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்று வீட்டுக்கு வந்து நான்கு இட்லி சாப்பிட்டேன். இதையும் என்னால் விளக்க முடியவில்லை.

இனி மலைப் பயணம். அந்த வெள்ளிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் ஐந்தரைக்கெல்லாம் முப்பது பேர் கூடிவிட்டோம். டிக்கெட் மூன்று ரூபாய். ரயில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நின்று நின்று இருபத்தைந்து நிமிடத்தில் பரங்கிமலை சேரும். என் பக்கத்தில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். அவள் எக்ஸ்சேஞ்சில் என் பிரிவில் ஆபரேட்டராக இருந்தவள், இப்போது அடுத்த தெருக்காரி. முந்தைய வருடம் என்னைத் தூக்கியபோது கீழே விழுந்த என் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

"மேடம், இந்தத் தடவை நீங்க நின்னுக்கிட்டே சொல்லுங்க. ஆண்டவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்," என்றாள்.

"அவர் நினைப்பாரோ இல்லையோ, நான் நினைப்பேன்."

"அப்போ மூணாம் தலத்துல உங்க பின்னாடியே நிக்கிறேன். விழுந்தா என் மேல விழுங்க. என்கிட்ட மெத்தைக்குக் குறைச்சல் இல்ல."

ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு இருபது நிமிட நடை. ராணுவக் குடியிருப்புப் பக்கம் பெரிய மரங்கள் இருப்பதால் வெயில் ஏறும் முன் போனால் சிரமம் தெரியாது. அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆறரைக்கு ஏறத் தொடங்கினோம். ஃபாதர் முன்னால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு போனார்.

முதல் தலத்திலும் இரண்டாவதிலும் எழுந்துவிட்டேன். மூன்றாவது வந்தது. முழந்தாளிட்டேன். ரெஜினா என் பின்னால் இரு கையையும் விரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சார்ஜென்ட் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை உள்ளே இழுத்து, பாதத்தை ஊன்றி, மூச்சு வெளியே போகும்போது எழுந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் உதடு சொல்லிக்கொண்டிருந்தது 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். இரண்டும் ஒன்றாகவே நடந்தன. எதனால் எழுந்தேன் என்று பிரித்துப் பார்க்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை. எழுந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஏழாம் தலத்துக்கு வரும்போது பெண்கள் சிலுவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்காவதில் நான் எழுந்தபோது யாரோ கைதட்டினார்கள். ஃபாதர் திரும்பி முறைத்தார்.

மேலே கோவில் வாசலில் காற்று நன்றாக இருக்கும். விமான நிலைய ஓடுதளம் முழுவதும் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எனக்கு அன்று அதைப் பார்க்க வாய்க்கவில்லை. ரெஜினா கண்ணீரோடு ஃபாதரின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஃபாதர், புதுமை ஃபாதர்! போன வருஷம் தூக்கி நிறுத்துனோமே, பார்த்தீங்கல்ல? மாதா சுகம் குடுத்துட்டாங்க. மேடம் சாட்சி சொல்லணும்!"

அற்புதத்தை நாங்கள் புதுமை என்போம். எங்களிடம் இது உண்டு. வேண்டுதல் நிறைவேறியவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். ஃபாதரும், "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா," என்றார். முப்பது முகங்கள். பொய்ச்சாட்சி பாவம் என்று ஐந்து வயதில் படித்திருக்கிறேன். பாதி உண்மையும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று எங்கள் பள்ளி மதர் சொல்வார்.

"இந்த ஒரு வருஷமா நவநாளுக்குத் தவறாம வந்தேன். தினமும் காலையில மாடம்பாக்கம் போய் யோகாவும் செஞ்சேன்," என்றேன்.

பிலோமினா என்ற ஒரு அம்மாள், "யோகாவா? சூரியனக் கும்பிடுவாங்களே, அதுவா?" என்றாள்.

"நான் கும்பிடல. குனியறேன்."

"கோவில் பக்கத்துல வேற!"

"பக்கத்துல இல்ல. ரெண்டு தெரு தள்ளி."

ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, "சுகருக்குக் கேக்குமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஃபாதர் ஒரு நிமிடம் தாடையைத் தடவிவிட்டு, "நல்லா இருக்கீங்க. அதுக்கு நன்றி சொல்லுவோம்," என்று ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். புத்திசாலி. எதற்கு நன்றி என்பதை அவர் சொல்லவே இல்லை.

இறங்கும்போது ரெஜினா பாதி வழியில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் மேடம்."

"யோகாவைப் பத்தியா? நீ கேட்கல."

"நான் ஒரு வருஷமா காபி குடிக்கல."

எனக்குப் புரியவில்லை. அவள் வாயுத் தொல்லை என்று சொல்லி என் வீட்டில் காபி வேண்டாம் என்றது இப்போது ஞாபகம் வந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒரு ஷிப்டுக்கு ஐந்து காபி குடித்தவள்.

"உங்களத் தூக்குனாங்களே, அன்னைக்கே நேர்ந்துக்கிட்டேன். மேடம் திரும்ப முழந்தாள் போட்டு எழுந்திருக்கிற வரைக்கும் காபி தொடமாட்டேன்னு. மூணாம் தலத்துல நீங்க எழுந்திருச்சதும், மாதாவே, தேங்க்ஸ், கீழ போனதும் முதல் வேலை காபின்னு சொல்லிட்டேன். இப்போ நீங்க யோகான்னு சொல்றீங்க. அப்போ மாதா என் நேர்ச்சைய ஏத்துக்கிட்டாங்களா இல்லையா? நான் குடிக்கலாமா, கூடாதா?"

ஒரு வருடம். எனக்காக. கீழே வந்து செருப்பை மாட்டினோம். அடிவாரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. இரண்டு காபி சொன்னேன்.

"சக்கர தூக்கலா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுல தூக்கலா," என்றேன். ரெஜினாவுக்கு எவ்வளவு சர்க்கரை என்பது எனக்குத் தெரியும்.

அவள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. "நீங்க எதையும் கரெக்டா சொல்றவங்க. சொல்லுங்க மேடம். எது? யோகாவா, மாதாவா?"

அவளுக்கு நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லியிருக்கலாம். மாதாதான் என்று சொன்னால் அவள் நிம்மதியாகக் குடித்திருப்பாள். ஆனால் தினமும் ஆறு மணிக்குப் போய்க் குனிந்த இடுப்பு என்னுடையது. யோகாதான் என்றால் அவளுடைய ஒரு வருடம் ஒன்றுமில்லாமல் போகும். மூச்சும் ஜெபமும் சேர்ந்து என்னைத் தூக்கிய அந்த மூன்றாம் தலத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

"தெரியல, ரெஜினா," என்றேன். "எனக்கு நிஜமாவே தெரியல."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். கையில் காபி தளும்பியது.

"கஸ்டமர்கிட்ட 'தெரியாது'ன்னு சொன்னதுக்கு எனக்கு மெமோ குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த வாயில இது வருதுன்னா, இதவிடப் பெரிய புதுமை எனக்கு வேணாம்!"

ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். "ஆறிப்போச்சு. சூடா இன்னொண்ணு சொல்லுங்க."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலைக்கு விடியற்காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் படிகள் கொதிக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் யோகாவில் இறங்காதீர்கள். புத்தகம் பார்த்துச் செய்யாதீர்கள். மூன்று மாதத்தில் விட்டுவிடுகிறவர்களுக்கு வலி மட்டுமே மிஞ்சும். தூக்கம், பசி, அழுகை, கோபம் எல்லாம் இடம் மாறும், பயப்பட வேண்டாம். என் கோபம் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது, ஆனால் அளவோடு. எதனால் குணமாயிற்று என்று மட்டும் எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.

பிறகு ரெஜினாவுக்கு இடுப்பு வலி வந்தது. நான்தான் அவளைச் சார்ஜென்ட்டிடம் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவளுடைய இடுப்பு சரியாகும்வரை நானும் ஒன்றை விட்டிருந்தேன். எதை என்பதை எழுதமாட்டேன். இந்தப் பதிவுகளைத் தான் படிப்பதில்லை என்று ரெஜினா சொல்கிறாள், ஆனால் அவளிடம் போய்ச் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.