பாதி காலியாகப் போகவிருந்த பஸ்

மலேசியாவில் எங்கள் பிஸ்கட் கம்பெனி கிள்ளான் டவுனை விட்டுப் பந்திங் பக்கம் போகிறது என்று ஒரு காலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ஓவன் திறக்கிற நேரம். வெண்ணெய் வாசனை கார் பார்க் வரைக்கும் வரும். அந்த வாசனையில் நின்றுகொண்டுதான் படித்தோம்...

இடம் மாறும். வேலை இருக்கும். பஸ் கிடையாது. வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாக வைத்துக்கொள்ளப்படும்.

பேக்கிங்கில் நாங்கள் இருபது சொச்சம் பேர், எல்லாரும் பெண்கள். முக்கால்வாசிப் பேர் எஸ்டேட்டை விற்றபோது கிள்ளான் பிளாட்டுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். எனக்குக் கைக்குழந்தை. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். டவுன் பஸ்ஸைப் பிடித்துப் பந்திங் போய்ச் சேர்வதற்குள் காலை ஷிப்ட் பாதி ஓடியிருக்கும். நஷ்டஈடு ஒரு காசு கொடுக்காமல் எங்களை வீட்டுக்கு அனுப்பச் சுலபமான வழி.

இன்றைக்கு வியாபாரியாக யோசித்தால், கெட்டிக்கார வேலைதான். அன்றைக்கு வயிறு எரிந்தது.

எங்கள் யூனியன் செயலாளர் ராஜு அண்ணன், ஓவன் பகுதி ஆள். பேச்சுவார்த்தைக்குப் போகிற குழுவில் என்னையும் சேர்த்தார். எனக்கு அப்போது சட்டம் ஒரு வரிகூடத் தெரியாது.

"யூனியன் லக்கி டிராவுக்குப் பரிசுச் சேலை வாங்கப் போனப்ப பேரம் பேசியே கடைக்காரர அழ விட்டவ இவதான்லா. இவ வரட்டும்," என்றார் அவர்.

அடுத்த வாரம் கம்பெனியே ஒரு வாடகை பஸ் பிடித்து, புது இடத்தைக் காட்ட எங்களைக் கூட்டிப்போனது. பளபளவென்று கட்டடத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வோம் என்ற நினைப்பு. நாங்களோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பிவிட்டோம்! என் மேசைத் தோழி புஷ்பா ஒரு பெரிய பாத்திரம் மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ். பேக்கிங்கில் கூட இருக்கிற ரோஹானி ஒரு டப்பா நிறைய கறி பப். செம்பனைத் தோட்டம் தாண்டுகிற வரைக்கும் கைதட்டிப் பாட்டு...

வழியில் பெட்ரோல் ஊற்ற நிறுத்தினார்கள். நான் ஒரு தட்டு மீயோடு டிரைவரிடம் போனேன்.

"சாப்பிடுங்கண்ணே. இந்த ரோடு பழக்கமா?"

"இனிமே பழகித்தானே ஆகணும் தங்கச்சி. உங்க கம்பெனி நேப்பாளப் பசங்களுக்கு நான்தான் ஓட்டப் போறேன். கிள்ளான் ஹாஸ்டல்ல ஏத்தி, புது இடத்துல கொண்டுபோய் இறக்கணும்."

"பஸ்ஸு நெறைஞ்சிடுமாண்ணே?"

"எங்க நெறையும்? பாதி சீட்டு காத்து வாங்கும். மீ நல்லாருக்கு, உறைப்புதான் பத்தல."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ராஜு அண்ணன் காதில் போட்டேன். அவர் முதலில் சொன்னது: "டிரைவர் பேரு வெளிய வரக்கூடாது. பாவம், அந்த ஆளு பொழப்பு."

"மேனேஜர் சார் வாயிலருந்தே வர வைக்கிறேண்ணே."

நேப்பாளப் பையன்கள் அப்போதுதான் கம்பெனிக்கு வந்திருந்தார்கள். நம் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று எங்களில் சிலருக்கு முணுமுணுப்பு. ராஜு அண்ணன் அதையெல்லாம் காதில் வாங்காமல் யூனியன் ஃபாரங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் ஹாஸ்டலுக்கே போய்விட்டு வந்தார்.

பேச்சுவார்த்தை நாள்... எதிரே பெர்சனல் மேனேஜர் நடராஜா சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நயமான பேச்சு.

"கொம்பனிட்ட பஸ்ஸுக்குக் காசில்லை. நான் என்ன செய்யிறது?"

"சரி சார்," என்றேன். "நேப்பாளப் பையங்க எப்படி வருவாங்க? நடந்தா?"

"அவையளுக்கு பஸ் இருக்குத்தானே."

"எங்கருந்து சார்?"

"கிள்ளா..." பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஃபுல் பஸ்ஸா சார்?" என்றாள் புஷ்பா, ஒன்றும் தெரியாத முகத்தோடு. ராஜு அண்ணன் இருமுவது மாதிரி சிரித்தார்.

"உது வெளிநாட்டு ஆக்களின்ர பஸ். கலந்து ஏத்தினா கரைச்சல்."

"அவங்களும் யூனியன் மெம்பருங்க சார், சேந்துட்டாங்க," என்றார் ராஜு அண்ணன். "அவங்களுக்கும் ஒண்ணு கேக்கணுமாம். ஓவர்டைம் முடியிறவரைக்கும் பஸ்ஸு நிக்கணுமாம்."

நடராஜா சார் லேசில் விடுகிற ஆளில்லை. ஒவ்வொரு பிளாட் வாசலிலும் நிறுத்த முடியாது என்றார். டிக்கெட்டுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்போம் என்றார். வீட்டு வாசல் வேண்டாம் சார், சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீர் ஏன் பிள்ளை பேக்கிங்கில இருக்கிறீர்? கடை போடலாமே!"

போட்டேன் சார்... சில வருடம் கழித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். பலகார மொத்த வியாபாரம்.

இன்றைக்கு நான் மேசைக்கு அந்தப் பக்கம். என் கடைப் பிள்ளைகள் கூடி வந்து நின்றால் எனக்கும் வேர்க்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உட்காரச் சொல்லி, டீ ஊற்றிக் கொடுத்துத்தான் பேசுவேன்.

போன வாரம் மோட்டார் சைக்கிளில் பெட்டி எடுக்க வந்த டெலிவரி பையன், ரேட்டைக் குறைத்துவிட்டார்கள் ஆன்டி என்று வருத்தப்பட்டான்.

"உன் மேனேஜர்கிட்ட போய்க் கேளுய்யா."

"மேனேஜரா?" கைபேசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். "இந்த ஆப்தான் ஆன்டி."

அதனோடு எப்படிப் பேரம் பேசுவது என்று எனக்கே தெரியவில்லை. எங்களுக்காவது எதிரே ஒரு நடராஜா சார் இருந்தார்... கோபப்பட, மடக்க, கடைசியில் கைகுலுக்க.

அந்தப் பேச்சுவார்த்தை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். கிள்ளானிலிருந்து எல்லாருக்கும் ஒரே பஸ். பிளாட் பக்கம் ஒன்று, பாசார் சந்தைப் பக்கம் ஒன்று என்று இரண்டு நிறுத்தம். ஓவர்டைம் முடிகிற வரை வண்டி காத்திருக்கும். நாங்கள் வேலை செய்த பழைய சர்வீஸ் கணக்கில் ஒரு நாள்கூடக் குறையாது. டிக்கெட் கம்பெனி செலவு.