எக்ஸ்ரே அக்காவும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும்

“இவன் ஏன் இப்படிச் சுத்தி வளைச்சுப் பேசறான்?” என்று கேட்டுவிட்டு, அக்கா பரீட்சைப் புத்தகத்தைக் கடையின் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைக்கிறாள். கேள்வி இதுதான்: ஓர் ஆண் ஒரு பையனின் படத்தைக் காட்டி, ‘இவனுடைய அப்பா, என் அப்பாவுக்கு ஒரே மகன்’ என்கிறார். பையன் அவருக்கு என்ன உறவு? “‘என் மகன்’னு ஒரு வார்த்தையில முடிக்க வேண்டியது. இவ்வளவு இழுக்கறான்னா இவன் பையில என்னமோ இருக்கு.” விடை சரிதான். அவள் அதைப் பிடித்த விதம்தான் வேறு.

எங்கள் நான்கு மாடிக் கடையின் வெளிவாசலில், வெளியே போகிற பைகளைப் பில்லோடு ஒப்பிட்டுப் பென்சிலால் டிக் அடித்து அனுப்புவது அக்காவின் வேலை. பென்சில் காதில் செருகியிருக்கும். வேலை முடிந்து போகும் எங்கள் பைகளும் அவள் கைக்குத் தப்பாது. ஒருநாள் முதலாளியின் மைத்துனர் பையையே பிரித்துவிட்டாள். மனிதர் குதித்தார். “உங்களை விட்டா, எல்லாரும் மைத்துனர்னு சொல்லுவாங்க சார்” என்றாள். அன்றிலிருந்துதான் எக்ஸ்ரே அக்கா என்ற பெயர். அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த மாதம் அந்த வாசலுக்கு, பில் போடாத பொருள் தாண்டினால் தானாகவே கத்துகிற இயந்திரக் கதவு வருகிறது. பை பார்க்க ஆள் வேண்டாம். சரக்கு அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று, ஒன்றே ஒன்று, காலியாக இருக்கிறது. கடையில் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம், கணக்கும் புத்திக்கூர்மையும் சோதிக்கிற பரீட்சையில் முதலில் வருபவருக்குத்தான் நாற்காலி. பதினோரு வருடம் நின்று நின்று அக்காவின் முட்டி இரண்டும் போய்விட்டது. வீட்டில் சம்பாதிக்கிற ஆளும் அவள் ஒருத்திதான். “இதுல விட்டேன்னா அவ்வளவுதாம்மா, வாசலுக்கு இந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்லை” என்கிறாள்.

புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பக்கத்துக்குப் பக்கம் விடைகளைக் குறித்திருந்தார். வேறு யாராவது என்றால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வார்கள். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் ரப்பரால் அழித்தாள். “வேலை கெடச்சிருந்தா நல்ல புஸ்தகத்தை எதுக்கு வித்தான்? கெடைக்கலைன்னா அவன் டிக் போட்டதை நான் எதுக்கு நம்பணும்?”

நான் பில் போடுகிற கவுன்டர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு நேரம் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. என் கைப்பேசிக் கடிகாரத்தையும் அவள் நம்புவதில்லை, சுவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். வட்ட மேசையில் ஆறு பேரை உட்காரவைக்கும் கணக்கு வந்தால் போச்சு. “தச்சர் ஏன் டாக்டர் பக்கத்துல உக்கார மாட்டாராம்? என்ன தகராறு? அதைச் சொல்லாம எடத்தை மட்டும் கேட்டா எப்படி?” ஆனால் ஒன்றரை நிமிடத்துக்குள் அறுவரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்துவிடுவாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பையில் உள்ளதை முதலில் எண்ணுவாள், பிறகுதான் பில்லைப் பார்ப்பாள். “பில்லை மொதல்ல பாத்தா, கண்ணு பில்லு சொல்றதைத்தான் பாக்கும்.” கணக்கும் அப்படித்தான். விடைப் பக்கத்தை ஒரு காகிதத்தால் மூடி, தானே போட்டு முடித்த பிறகுதான் திறப்பாள். அப்படித்தான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து விடைகளில் மூன்று தப்பு என்று கண்டுபிடித்தாள். ஒன்றை மட்டும் எனக்குக் காட்டினாள்: இரண்டு, ஆறு, பன்னிரண்டு, இருபது, முப்பது, அடுத்து என்ன? புத்தகத்தில் நாற்பது என்று போட்டிருந்தது. “நாலு, ஆறு, எட்டு, பத்துன்னு ஏறுது. அடுத்தது பன்னெண்டு ஏறணும். நாப்பத்திரெண்டு.” மற்ற இரண்டு? உள்ளங்கையால் பக்கத்தை மூடிக்கொண்டாள். “சொல்ல மாட்டேன். யார் காதுக்குப் போகும்னு யார் கண்டா?” பரீட்சைக் கேள்வி பாதி இந்தப் புத்தகத்திலிருந்துதான் என்று கடை முழுக்கப் பேச்சு.

“நீ எழுதலையா?” என்று அப்போது கேட்டாள். “எனக்கு எதுக்கக்கா” என்றேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, “சனிக்கிழமை காலையில கடைக்குத்தானே வருவே?” என்றாள். அது அதே கேள்விதான், வேறு சட்டை போட்டு வந்திருந்தது. சனிக்கிழமைதான் பரீட்சை. “வேற எங்க போவேன்” என்று சிரித்தேன்.

சொல்லிவிடுகிறேன், நானும் மனுப் போட்டிருந்தேன். அதே புத்தகத்தைப் புதிதாக வாங்கி, கவுன்டருக்கு அடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவளிடம் கேட்டதை மாலையில் நான் போட்டுப் பார்ப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த இரண்டு தப்பை மட்டும் மூன்று நாள் தேடியும் அகப்படவில்லை. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மாலை புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் முடியாது. துண்டில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நாளைக்கு எப்படியும் என்னைப் பார்த்துவிடுவாள், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையில் நின்றேன்.

அக்கா என் பையைத் திறந்தாள். குடை, டப்பா, துண்டு. துண்டை இரண்டு முறை தொட்டுவிட்டுப் பிரித்தாள். புத்தகத்துக்குள் என் படம் ஒட்டிய பரீட்சைச் சீட்டு. சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அக்கா, வந்து...”

“இரு.”

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே நாற்பதை நான் பேனாவால் அடித்து நாற்பத்திரண்டு என்று எழுதி வைத்திருந்தேன். அவள் விரல் அதன் மேல் வந்து நின்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விடைகளை அடித்து, பக்கத்திலேயே சரியானதை எழுதி, பில்லைத் திருத்தினால் போடுகிற சின்னக் கையெழுத்தை இரண்டுக்கும் போட்டாள். பிறகு புத்தகத்தைத் துண்டில் பழையபடி சுற்றி, டப்பாவுக்கு அடியிலேயே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.