கடல் ரிப்பேர்க்காரர்

என் அறைச் சுவரின் வலது ஓரத்தில், இடுப்பு உயரத்தில், ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார் ரிப்பேர்க்காரர். பத்து வந்ததும் கடல் அணைந்துவிடுகிறது. அறை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்கிறது: "பயப்படாதீங்க சார், இப்ப வந்துரும். நேத்து எட்டாவது மாடியில ஒருத்தருக்குப் பாதிக் கடல்தான் வந்துச்சு. உங்களுக்கு முழுசாவே வரும்." வருகிறது. தரையிலிருந்து கூரை வரை, நீலமாக, அலையோடு. இடுப்பில் தொங்கும் துணியால் கடலை ஒரு தரம் துடைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். "பச்ச கொஞ்சம் தூக்கலா இருக்குல்ல?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் குறைத்தும் விடுகிறார்.

இந்த உல்லாசக் கப்பலில் பயணிகள் ஏழாயிரத்து அறுநூறு பேர். அவர்களுக்குச் சமைத்து, துவைத்து, சிரித்துக் காட்ட இன்னும் இரண்டாயிரத்து முந்நூறு பேர். இருபது மாடி. ஏழு நீச்சல் குளம், ஆறு சறுக்குக் குழாய், பனிச்சறுக்குத் தரை, நிஜ மரங்கள் நடப்பட்ட பூங்கா, பானம் கலக்கிக் கொடுக்கும் இரண்டு இயந்திரக் கைகள். அந்தக் கைகளில் ஒன்று என் சட்டையில் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றிவிட்டு, திரையில் "மகிழ்ச்சியான நாளாகுக" என்று வாழ்த்தியது. கப்பலில் கடலைத் தவிர எல்லாம் இருக்கிறது. இத்தனை பேருக்கும் ஜன்னல் வைக்கக் கப்பலுக்கு ஓரம் போதவில்லை. அதனால் நடுவில் மாட்டிக்கொண்ட ஆயிரத்து இருநூறு அறைகளுக்கு, சுவர் அகலத்துக்கு ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். கப்பலின் முகப்பில் இருக்கும் கேமரா பார்க்கிற கடல் இந்தத் திரையில் ஓடும். விளம்பரத்தில் இதற்கு 'உள் பால்கனி' என்று பெயர். சாய்ந்து நிற்கத் திரைக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பிகூட உண்டு. "பால்கனி ரூம் மாமா, விடாதீங்க" என்று சொல்லி என் மைத்துனன்தான் இதை என் தலையில் கட்டினான். முதல் நாளே அந்தக் கம்பியில் நான் என் துண்டைக் காயப்போட்டுவிட்டேன்.

ரிப்பேர்க்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்புச் சட்டை, பையில் இரண்டு ஸ்க்ரூடிரைவர், தோளில் ஒரு ரேடியோ. கப்பல் சிப்பந்திகள் அவரைக் 'கடல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "கடல் சாப்பிட்டாச்சா?", "கடல் லிஃப்டுல மாட்டிக்கிச்சு" என்றெல்லாம் தாழ்வாரத்தில் கேட்கலாம். ரேடியோ கரகரக்கும். "பதினோராவது மாடி, கடல் வேலை செய்யல." இவர் டாக்டர் மாதிரி விசாரிப்பார்: "நின்னு போச்சா, ஆடுதா? நின்னா கேபிள். ஆடினா கார்டு. கறுப்பாப் போச்சுன்னா யாரோ சூட்கேஸால இடிச்சிருக்காங்க."

புகார்களைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். குழந்தை தூங்க வேண்டும், அலையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஒரு அம்மா. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு, அதனால் சூரிய அஸ்தமனத்தை எட்டரைக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று ஒரு பெரியவர். எதிரே போகிற சரக்குக் கப்பல் துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று புதுமணத் தம்பதி. நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். இவர் முகம் சுளிப்பதில்லை. "கேக்குறது அவங்க உரிமை சார், காசு குடுத்திருக்காங்க" என்பார். பெரியவருக்கு நிஜமாகவே எட்டரைக்கு அஸ்தமனம் ஏற்பாடு செய்துகொடுத்திருக்கிறார்.

நிஜக் கடல் மீது அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "மேல போய்ப் பாக்குறாங்களே சார், அது கன்ட்ரோல் இல்லாத கடல். வெயிலு, உப்பு, காத்து. ஒரு பட்டன் உண்டா அதுல?" அவர் தூங்குவது நீர்மட்டத்துக்குக் கீழே, இரண்டாவது தளத்தில், இன்னொருவரோடு பங்கு போட்ட அறையில். ஜன்னலும் இல்லை, திரையும் இல்லை. கடைசியாக எப்போது மேல்தளத்துக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

"போன வருஷம் சார். கேமரா மேல உப்பு படிஞ்சிருச்சு, துடைக்கப் போனேன்."

"அப்போ கடலைப் பார்த்தீர்களா?"

"கேமராவப் பாத்து நின்னேன் சார். கடல் முதுகுப் பக்கம் இருந்துச்சு."

பனிமூட்டமோ மழையோ வந்து கேமரா மங்கிப்போனால் ஓட்டுவதற்கென்று பதிவு செய்த கடல்கள் அவரிடம் இருக்கின்றன. அதில் 'டால்பின் கடல்' என்று ஒன்று. நாற்பது நிமிடம், இறங்கு வெயில், பன்னிரண்டு டால்பின்கள் கப்பலோடு போட்டி போட்டுக்கொண்டு துள்ளி வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்தது. பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போலத்தான் அதைப் பற்றிச் சொல்கிறார். அதை எடுத்த அன்று அவர் மூன்றாவது தளத்தில், கூரைப் பலகைக்குள் தலையை விட்டு கேபிள் மாற்றிக்கொண்டிருந்தார். டால்பின்களை மறுநாள் திரையில்தான் பார்த்தார்.

இந்தப் பயணத்தில் அவர் மனைவியும் வந்திருந்தார். காலியாக இருக்கும் அறையில் குடும்பத்தை ஒரு வாரம் அழைத்துவரக் கம்பெனி சலுகை தருகிறது. ஒன்பது வருடம் விண்ணப்பித்து இந்த வருடம்தான் கிடைத்திருக்கிறது. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கண் ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அங்கே கண்ணில் மாற்றி மாற்றி லென்ஸ் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கும் வேலை அவருக்கு. கொடுத்த அறை எனக்கு எதிர் அறை. அதுவும் உள் பால்கனிதான்.

இரண்டாம் நாள் காப்பி வரிசையில் அவரே பேச்சுக் கொடுத்தார். "கல்யாணமாகி பதினோரு வருஷம் சார். அதுல வருஷத்துக்கு எட்டு மாசம் இவர் கடல்ல. போன்ல கேட்டா 'இன்னைக்குக் கடல் நல்லா இருக்கு'ம்பாரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்த ஒரு வாரத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இவர் பக்கத்துல நின்னு அந்தக் கடலப் பாத்துட்டுப் போயிடணும்."

இது என்ன பெரிய காரியம், கப்பல் மிதப்பதே அதில்தானே என்று நினைத்தேன். தினமும் மாலை ஒரு மணி நேரம் குடும்பத்தோடு மேல்தளத்துக்குப் போகலாம் என்று அவர்களுக்கு அனுமதிச் சீட்டும் உண்டு. ஆனால் முதல் நாள் மாலை பதினாலாவது மாடியில் வரிசையாக ஆறு கடல் நின்றுபோனது. இரண்டாம் நாள் ரேடியோ. மூன்றாம் நாள் லிஃப்ட் வரை வந்துவிட்டு, "காத்து ஜாஸ்தியாம், இன்னொரு நாள் போலாம்" என்று திரும்பினார். நாலாம் நாள் மனைவியின் அறையிலேயே இரண்டு நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டு, "இங்கயே பாக்கலாமே, உனக்குத் தலைமுடி கலையாது" என்றாராம். அந்த அம்மாள் பனிச்சறுக்கைப் பார்த்தார், சறுக்குக் குழாயைப் பார்த்தார், பூங்காவில் போய் உட்கார்ந்தார். "மரம் எங்க தெருவுலயே இருக்கு சார்" என்றார் என்னிடம். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமாக வந்தது.

ஐந்தாம் நாள் விடியற்காலையிலேயே கப்பல் ஒரு துறைமுகத்தில் வந்து கட்டிப்போடப்பட்டது. பாதிப் பேர் ஊர் சுற்ற இறங்கிப் போய்விட்டார்கள். திரையில் துறைமுகக் கிடங்கின் சுவர் மட்டும் தெரிந்தது. எதிர் அறைக் கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அஞ்சு நாளா சுவத்தப் பாக்க வெச்சீங்க. இன்னைக்கு அந்தச் சுவத்துலயும் சுவரு."

"கோச்சுக்காத. அஞ்சு நிமிஷம். உனக்குன்னு ஒண்ணு போடுறேன் பாரு."

ஓடினார். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பலகையில் அறை எண்ணைத் தட்டி, டால்பின் கடலை அந்த ஓர் அறைக்கு மட்டும் அனுப்ப வேண்டும். மனைவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் 'எல்லா அறையும்' என்பதைத் தட்டிவிட்டார்.

நான் அப்போது முகத்தில் சோப்போடு நின்றிருந்தேன். திரும்பினால், கப்பல் நடுக்கடலில் பறந்துகொண்டிருக்கிறது! சொல்ல வெட்கமாக இருக்கிறது, சோப்போடு தாழ்வாரத்துக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னாலேயே ஊரே கூடியிருந்தது. "கப்பல் கிளம்பிருச்சு! எங்க வீட்டுக்காரர் கரையில இருக்காரு!" "எங்க அம்மாவ விட்டுட்டீங்களேடா பாவிகளா!" ஒருவர் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, எதற்கு மாட்டினோம் என்று தெரியாமல் விழித்தார். புதுமணப் பெண் போனில் அழுதுகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் கணவன் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நான் கப்பலுக்குப் பக்கத்துலதாம்மா நிக்கிறேன். கப்பல் இங்கதான் இருக்கு. கையால தொட்டுக்கிட்டு இருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க! நான் கண்ணால பாக்குறேன்!"

மூன்று பேருக்குக் கடல் மயக்கம் வந்து, அசையாமல் நிற்கிற கப்பலில் வாந்தி எடுத்தார்கள். மருத்துவ அறையில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். தாழ்வாரத்துக் கோடியில் ஒரு கதவு இருக்கிறது. தள்ளினால் வெளித்தளம், எட்டிப் பார்த்தால் கிடங்கும் கயிறும் தெரியும். இருபதடி தூரம். கூடியிருந்த கூட்டத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அரை மணி கழித்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் எதிர் அறை அம்மாள்தான். கணவர் வரட்டும் என்று காத்திருக்காமல், கோபத்தில் காற்று வாங்கப் போயிருக்கிறார். டால்பினை அவர் பார்க்கவே இல்லை. "ஏன் எல்லாரும் அழுறீங்க? கப்பல் கட்டித்தான் இருக்கு" என்றார்.

அதிகாரி வந்து சத்தம் போட்டார். ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஆனால் கடலைச் சரிசெய்ய வேறு ஆள் இல்லை, அடுத்த துறைமுகத்தில்தான் ஆள் வருவான். அதனால் அதுவரை அறைகளில் ரிப்பேர் மட்டும் பார்க்கலாம், பயணம் முடிகிறவரை கட்டுப்பாட்டு அறைப் பக்கமே போகக்கூடாது, மறுபடி வேலைக்கு எடுப்பதா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, ரேடியோவையும் பிடுங்கிக்கொண்டார்கள். தோள் வெறுமையாக என் அறை வாசலில் வந்து நின்றார். மனிதருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. எனக்கும் பாவமாக இருந்தது, அவர் வாயைத் திறக்கும்வரை.

"அத்தன பேரு கத்துனாங்களே சார், யாராவது ஒருத்தர் டால்பின் நல்லா இல்லன்னு சொன்னாங்களா?"

கடைசி நாள் மாலை. அடுத்த துறைமுகத்தில் புது ஆள் ஏறிவிட்டான். ரேடியோ இல்லை, ரிப்பேர் இல்லை, சாக்கு எதுவும் மிச்சமில்லை. மனைவி அவர் முழங்கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினார். எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது, நானும் அதே லிஃப்டில் ஏறிக்கொண்டேன். பதினாறாவது மாடி வெளித்தளத்தில், நீச்சல் குளங்களையும் நாற்காலிக் கூட்டத்தையும் தாண்டி, அந்த அம்மாள் கணவரை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே நெஞ்சளவுக்குக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கடல். எங்களைத் தவிர அந்த ஓரத்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் நீச்சல் குளத்துக்கு மேலிருந்த பெரிய திரையில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூரியன் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். காற்றில் சட்டை படபடத்தது.

"எப்படிங்க இருக்கு?"

"செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டார்: "சரி, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

அவர் இந்தப் பக்கக் கோடியிலிருந்து அந்தப் பக்கக் கோடி வரை மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். "இது பெருசா இருக்கு" என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் ஒட்டி நின்றார். ஒரு வாரமாக நான் அந்த முகத்தில் பார்க்காத சந்தோஷம்.

சூரியன் பாதி இறங்கிவிட்டது. "ஐயோ, போகுதுங்க" என்றார் அந்த அம்மாள். "இப்பதானே வந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கக் கூடாதா?"

ஆறு நாளாக மனைவி கேட்ட எதையும் செய்துகொடுக்காத மனிதர் அவர். மனைவி பிடித்திருந்த கையை விடாமல், மற்ற கையை நீட்டி, கண்ணாடித் தடுப்பின் வலது ஓரத்தில், இடுப்பு உயரத்தில், ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு எண்ணும்போது சூரியன் முழுகிவிட்டது. அவர் விரலை எடுக்காமல் பத்து வரை எண்ணி முடித்து, மனைவியையும் இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.